திருடனின் உயரம்

கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் ஞானபாய் திருடனின் உயரத்தை முடிவு செய்வாள். ஆட்டோக்காரர் கேட்டால் ஆறடி. மீன்காரி கேட்டால் ஆறடியோடு முறுக்கு மீசையும் சேரும். போதகரின் மனைவி விசாரித்தபோது மட்டும் அவன் சோறு கண்டு நாளான ஒல்லிப் பயலாகச் சுருங்கிப்போனான். அவனுக்காக இருவரும் ஜெபம் வேறு செய்தார்கள்.

"இழுத்தான் பாரு, விடுவனா? வண்டியோட சேந்து நானும் ஓடுனேன். கடைசில அவன்தான் பயந்துபோய் விட்டுட்டு ஓடுனான்" என்பாள். வண்டியில் வந்தவன் அவள் செயினைப் பறிக்கப் பார்த்த அன்று முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள், அவள் ஓடியதாகச் சொல்வதில்லை. இழுபட்டாள் என்றுதான் சொல்கிறார்கள். செயின் தப்பியது. வலது மணிக்கட்டு தப்பவில்லை. அந்தச் செயினும் கவரிங் என்று தெரிந்து யாராவது சிரித்துவிட்டால் போச்சு.

"அவன் கவரிங்னு தெரிஞ்சா இழுத்தான்? தங்கம்னுதான இழுத்தான். அப்ப நானும் தங்கம்னுதான் புடிச்சேன்."

இழுத்த இழுப்பில் செயினின் கொக்கி விரிந்துவிட்டது. ஆனாலும் அதைத்தான் தினமும் போடுகிறாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று, இடது கையாலும் பல்லாலும் அந்தக் கொக்கியோடு அவள் நடத்தும் போர் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மருமகள் பேச்சிச்செல்வி உதவிக்கு வந்தால், "தள்ளிப் போளா, எனக்குத் தெரியும்" என்று விரட்டிவிடுவாள்.

பிறந்த ஊர் நாசரேத், வாழ்க்கைப்பட்ட ஊர் தூத்துக்குடி, தொழில் பேக்கரிக்கு மக்ரூன் என்ற இனிப்புப் போடுவது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிப் பிதுக்க வேண்டும். பிதுக்கி முடிக்கும்போது மணிக்கட்டை லேசாக ஒரு சுண்டு சுண்டினால்தான் உச்சியில் முனை எழும்பும். ஞானபாய் போட்ட முனைக்கு பேக்கரியில் தனி மதிப்பு உண்டு. பேச்சிச்செல்வி ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயல்காட்டுக் குடும்பத்துப் பெண். மகன் சொல்லாமல் கொள்ளாமல் காதலித்துக் கூட்டிவந்தான். அதையெல்லாம் ஞானபாய் மன்னித்துவிட்டாள். மன்னிக்காதது ஒன்றுதான். "அவளுக்கு முனை வராது."

மணிக்கட்டில் தகடு வைத்த பிறகு வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. பேச்சிச்செல்வி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுக் கூம்பைக் கையில் எடுத்தாள். பேக்கரிக்காரரிடம் ஞானபாய் சொன்னது வேறு: "எடது கைன்னா என்ன அண்ணாச்சி, போட்டாப் போடுது." அன்று முதல் மக்ரூன் போடும் நேரத்தில் அடுக்களைக் கதவு சாத்தியே இருக்கும்.

ஜெயஷீலா, ஞானபாய் போகும் அதே தேவாலயத்துச் சபைப் பெண். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலர். குற்றத்தில் காயம்பட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறது என்ற சேதியை அவள்தான் கொண்டுவந்தாள்.

"திருடன் இன்னும் போலீஸ் கையில ஆம்புடலையேளா?" என்றாள் ஞானபாய்.

"ஆளு ஆம்புடலைன்னாலும் கேக்கலாம் சித்தி. உடனே போலீஸ்ல சொல்லிட்டிய, ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கு. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

"யாரு பாதிக்கப்பட்டது? அவனுக்குல்லா பாதிப்பு. அதோட, அரசாங்கமா என் கையப் புடிச்சு இழுத்துச்சு?"

ஜெயஷீலா சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். இன்னொரு அறுவைச் சிகிச்சையும் மாதக்கணக்கில் பயிற்சியும் இருந்தால் விரல் மடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குக் கையில் காசில்லை. இழப்பீடு வந்தால்தான் அந்தக் கை மறுபடி கூம்பு பிடிக்கும். "ஒண்ணே ஒண்ணு சித்தி. அங்கன வந்து வீரம் பேசப்படாது. என்ன முடியலன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லணும்."

முடியவில்லை என்ற சொல் அதுவரை ஞானபாயின் வாயில் வந்ததே இல்லை.

மனு போட்டாயிற்று. விசாரணை நாளன்று பேச்சிச்செல்வியையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு டப்பாவோடு ஆணைக்குழு அலுவலகத்தில் போய் இறங்கினாள். ஓர் இடத்துக்குப் போகும்போது ஒன்றும் கொண்டுபோகாமல் போவது அவள் வளர்ப்பில் கிடையாது, அது நீதிபதியின் அறையாகவே இருந்தாலும்.

"ஆளைப் பார்த்தீங்களா? எவ்வளவு உயரம் இருப்பான்?" என்று நீதிபதி அம்மா கேட்டார். ஞானபாய் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து ஓர் அங்குலம்கூடக் கிடைக்கவில்லை.

"ஹெல்மெட் போட்டிருந்தான்மா. வண்டியில உக்காந்திருந்தவன் உயரம் எனக்கு எங்க தெரியும்?"

ஜெயஷீலாவுக்கு உயிர் வந்தது. அடுத்த கேள்வியில் போய்விட்டது.

"இப்போ கை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா" என்ற ஞானபாய், டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். ஒரே அளவில், ஒரே சீராக, உச்சியில் கூர்முனையோடு வரிசையாக மக்ரூன்கள்.

"இதெல்லாம் நாங்க வாங்கக் கூடாதும்மா" என்று டப்பாவை நகர்த்தப்போன நீதிபதியின் கை நின்றது. "நீங்க போட்டதா?"

ஞானபாய் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜெயஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். வாசலோரம் நின்ற பேச்சிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. மாமியாரை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வருமா? "ஆமாம்மா, அத்ததான் போட்டாவ" என்றாள்.

அந்தப் பொய்யில் கையும் போயிற்று, காசும் போயிற்று. ஞானபாய் திரும்பி மருமகளைப் பார்த்தாள். பிறகு வலது கையை மேஜை மேல் தூக்கி வைத்தாள். விரல்களை மடக்கப் பார்த்தாள். முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று எட்டவே இல்லை.

"இல்லம்மா. எனக்கு முடியல. இவதான் போடுதா, கையில தகடு வச்சதுல இருந்தே." டப்பாவுக்குள் பார்த்தாள். "முனை நல்லாத்தான் வந்திருக்கு."

பேச்சிச்செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நீதிபதி குனிந்து எழுதத் தொடங்கினார்.

"தகுதி இருக்குன்னு எழுதிட்டாங்க சித்தி. உத்தரவு வர கொஞ்சம் நாளாகும்" என்று வெளியே வந்ததும் சொன்னாள் ஜெயஷீலா. டப்பாவும் கூடவே திரும்பி வந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில், கைக்கு என்ன ஆச்சு என்று ஓட்டுநர் கேட்டார். ஞானபாய் கண்ணாடியில் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஆறடி இருப்பான் தம்பி. இழுத்தான் பாரு, விடுவனா…" அதற்குள் கொக்கி கழன்று செயின் மடியில் விழுந்தது. அவள் கதையை நிறுத்தவில்லை. செயினை எடுத்துப் பேச்சிச்செல்வியின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இடது கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.