ஆறாவது ஆள்

நேற்று மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை கைப்பேசியோடு வந்தார். "வீட்ல மொத்தம் எத்தன பேரு தாத்தா?" என்று கேட்டார். நான் ஒருவன்தான். அதைச் சொல்லும்போது பழைய கணக்கெடுப்பு ஒன்று ஞாபகம் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டாரமே வேலைக்கு வந்து குவிய, வாடகைக்கு ஒரு மூலைகூடக் கிடைக்காத காலம். வீட்டுக்கார அண்ணாச்சியின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள். எல்லோருக்கும் ஒரே குழாய். ஓர் அறையில் ஐந்து தலைக்கு மேல் கூடாது என்பது அவர் சட்டம். அப்பா, அம்மா, நான், இரண்டு தங்கைகள் என்று சட்டப்படிதான் இருந்தோம். பிறகு ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து அத்தை வந்தாள். மாமா செத்ததும் கொழுந்தன்மார் அவளை அனுப்பிவிட்டார்கள்.

அத்தை விடியுமுன் உப்பளத்துக்குப் போய் இருட்டிய பிறகே திரும்புவாள். அண்ணாச்சி பார்த்துக் கேட்ட ஒன்றிரண்டு முறையும் விருந்தாளி என்று சொல்லிச் சமாளித்தோம்.

அந்த வருடம் கணக்கெடுக்க வந்தவர் என் வகுப்பு சார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அத்தையும் வீட்டில் இருந்தாள். அடுப்பு மறைப்புக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாருக்கு வழிகாட்ட அண்ணாச்சியும் கூடவே வந்தார்.

"அஞ்சு பேரு சார்," என்றார் அப்பா.

"ஆறாவது ஒண்ணு இருந்தாலும் சொல்லிரும்வே," என்று அண்ணாச்சி சிரித்தார். "ஏற்கெனவே குழாய்ல தண்ணிக்குப் பதிலா காத்துதான் வருது."

அப்போது உள்ளே இருமல் கேட்டது. அதை மறைக்க அம்மா கையிலிருந்த செம்பைக் கீழே போட்டாள். சார் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார்.

மறுநாள் வகுப்பில் அவர் பழைய கதை சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் முதன்முதலில் தலை எண்ண வந்தபோது, வரி போடத்தான் வருகிறார்கள் என்று ஜனங்கள் பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்களாம். முத்துக்குளிப்பு நாட்களில் கடற்கரையில் ஓர் ஊரே முளைத்துக் கலைந்துபோகுமாம். "அந்த ஜனத்த எந்த ஊருக் கணக்குல சேக்கது?" என்றார். மணி அடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உள்ள இருமுனது யாருலே? பயப்படாத. இந்தத் தாள அண்ணாச்சிக்கு மட்டுமில்ல, கலெக்டருக்கே காட்ட மாட்டோம். சொன்னா எழுதிக்கிடுதேன்."

சொல்லியிருக்கலாம். அவர் பொய் பேசாதவர் என்று எனக்குத் தெரியும்.

"விருந்தாளி சார். ஊருக்குப் போயிட்டாவ," என்றேன்.

வீடு போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். ஜன்னலோரம் நான் படுக்கும் இடம் அத்தைக்குப் போயிருந்தது. தாளில் இல்லாதவள் சீக்கிரம் வீட்டிலும் இல்லாமல் போவாள் என்று நினைத்தேன்.

சார் கேட்டதை அன்று மாலை அம்மாவிடம் உளறிவிட்டேன். அத்தை வேலையிலிருந்து வந்ததும் அம்மா சொல்லக் கேட்டு நேரே என்னிடம் வந்தாள். உப்பில் வெடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏலே, சார் என்னயும் எழுதிக்கிட்டாரா?"

"எழுதிட்டாரு அத்தை."

"பேரோடயா?"

"பேரோட."

அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டியாளா? இனிமே நானும் தூத்துக்குடிக்காரிதான். எவனும் விருந்தாளின்னு சொல்லட்டும், பாக்கேன்!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் அத்தை இறந்துவிட்டாள்.

எழுதிட்டாரு என்று நான் சொன்ன அந்த இரவு, அவள் தன் தட்டிலிருந்த பொரித்த சாளை மீனை எடுத்து என் சோற்றில் வைத்தாள். ஒரு பெயரைத் தாளில் எழுதியதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று வியந்துகொண்டே, முள்கூட விடாமல் தின்றேன்.