சிவப்புக் கோடும் நீலக் கோடும்

அன்று துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்தது மூன்றே பேர்: கோச் சார், கீழப்பழுவூரிலிருந்து வரும் வாணி, நான். திருச்சிப் போட்டிக்குப் பெண்களில் ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று சார் சொல்லியிருந்தார்.

எனக்கும் வாணிக்கும் ஒரே ஏர் பிஸ்டல்தான். குழலுக்கு அடியில் சின்ன எடை ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் கையில் நிற்கிற விதமே மாறிவிடும். எடை நிற்க வேண்டிய இடம் அவளுக்குச் சிவப்புக் கோடு, எனக்கு நீலக் கோடு.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். தையல் கடைச் சம்பளத்தில் மூன்று வருடமாகப் பழகுகிறேன். அவள் வந்து ஆறே மாதம்.

"வாணியப் பாத்துக் கத்துக்கம்மா. உன் கை இன்னும் பஸ்ஸுல நிக்கிற மாதிரியே ஆடுது" என்றார் சார்.

சாரும் அவளும் குறி அட்டை மாட்டப் போன நேரத்தில், எடையைச் சிவப்புக் கோட்டிலிருந்து பின்னால் தள்ளி முடுக்கிவிட்டேன்.

வாணி பிஸ்டலைத் தூக்கியதுமே இறக்கிவிட்டாள்.

"எட நகந்திருக்குக்கா" என்று என்னையே பார்த்தாள். சாரிடம் சொல்லவில்லை. சரிசெய்துகொண்டு சுட்டாள்.

அடுத்தது என் முறை. பிஸ்டலை நீட்டினாள்.

"உங்க நீலக் கோட்டுல வச்சிட்டேன்க்கா. நானும் நகத்திருப்பேனோன்னு உங்களுக்குப் பயம் இருக்கும், எதுக்கும் ஒரு தடவ பாத்துக்குங்க."

பார்த்தேன். மயிரிழைகூட விலகவில்லை. அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருச்சிக்கு அவள்தான் போனாள். எனக்கு ஏன் சரியாக வைத்துக் கொடுத்தாள் என்று தைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். அன்று வாங்கிய குண்டு டப்பாவுக்கு என் பங்குக் காசையும் அவளே போட்டிருந்தாள். கொடுக்கப் போனால் எடையை நகர்த்தியதையும் சொல்லாமல் திரும்ப முடியாது. இன்னும் கொடுக்கவில்லை, முந்நூறு ரூபாய்.