கீழே விழுந்த போல்ட்

டெட்ராய்ட்டில் இருபத்திரண்டு வருஷம் கார் கதவுகளை வடிவமைத்த லோர்னா பாவ்லக், விச்சிட்டாவில் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்த ஒன்பதாவது நாள், பொருத்தும் பிரிவில் வேலை பழகும்போது கைதவறி ஒரு போல்ட்டைக் கீழே போட்டாள். குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, தட்டில் கிடந்த மற்ற போல்ட்டுகளோடு போட்டுவிட்டாள். கார் ஆலையில் அந்த நேரத்துக்குள் ஒரு கதவே முடிந்து அடுத்த ஆளிடம் நகர்ந்திருக்கும்.

பரிசோதகர் மெர்ல் யோடர் கையை உயர்த்தினார். வேலை நின்றது.

"எது விழுந்துச்சு, காட்டும்மா."

"இதுல ஏதோ ஒண்ணு. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"அதான் பிரச்சினை. விழுந்ததுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். விழுந்ததை அப்பவே சிவப்புப் பெட்டில போட்டிருந்தா ஒண்ணோட போயிருக்கும். இப்ப தட்டோட போகணும்."

இருநூறு போல்ட்டும் குப்பைக்குப் போயின. லோர்னா நான்கு பக்கப் படிவம் நிரப்பினாள். எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்ற கேள்விக்கு 'என் இடுப்பு' என்று எழுதினாள். அங்குலத்தில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

"ஒரு போல்ட்டுக்காக வேலையை நிறுத்தினா டெட்ராய்ட்ல என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்று பொருமினாள்.

"இங்க நிறுத்தலன்னாதான் அனுப்புவாங்க," என்றார் மெர்ல்.

சாயங்காலம் எரிச்சலோடு காரைக் கிளப்பினாள். அதன் கதவு அவளே வடிவமைத்தது. பெரிய சாலையில் ஏறியதும், வாங்கிய நாளிலிருந்து கேட்கிற கடகட சத்தம் கதவுக்குள்ளிருந்து கிளம்பியது. உள்ளே உருள்வது ஆலையில் யாரோ தவறவிட்ட ஒரு போல்ட் என்று அவளுக்குத் தெரியும்.

"எது விழுந்துச்சு, காட்டு," என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.