ஈயம் கக்காத மட்டி

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அவளுக்கு மட்டி தின்ன ஆசை வந்தது. அப்பா நாங்கள் குடியிருந்த டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் கடையெல்லாம் தேடி ஒரு போத்தல் வாங்கி வந்தார். அம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். "இது மட்டியே? ஊறுகாய்" என்று தள்ளி வைத்துவிட்டாள். அவள் மன்னார்க்காரி. மட்டி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

எங்களோடு இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். உலகத்தில் தனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பது அவருடைய கருத்து. "அக்காவுக்கு நான் கொண்டுவாறன்" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். முன்பு கப்பல் பழுதுபார்த்த ஒரு சிறிய துறைமுகம் அது. மரத்தூண்களில் மட்டி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. "பாத்தியே பிள்ளை, இந்தச் சனத்துக்குத் தின்னத் தெரியேல்லை" என்று மாமா இரக்கப்பட்டார்.

தின்னாத காரணம் பக்கத்துப் பலகையில் டேனிஷில் எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். பழைய கப்பல் பெயின்டில் இருந்த ஈயம் சேற்றில் இறங்கி மட்டிக்குள்ளும் போயிருக்கிறதாம். இங்கே எடுத்துத் தின்னக்கூடாதாம். மாமா அசரவில்லை. மட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் மண்ணைக் கக்கிவிடும் என்பது மன்னாரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "மண்ணையே கக்கிற சாமான், ஈயத்தைக் கக்காதே?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

குளியலறை வாளியில் உப்பும் மஞ்சளும் கரைத்து மட்டியை ஊறவிட்டார். ஈயம் எப்போது வரும் என்று நான் காவல் இருந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை நூலில் கட்டி வாளிக்குள் இறக்கி இறக்கிப் பார்த்தேன். காந்தம் ஈயத்தை இழுக்காது என்று அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

"அம்மா, மண் மட்டும்தான் வந்தது. ஈயம் இன்னும் வரேல்லை" என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் முறையிட்டேன்.

"என்ன ஈயம்?"

மாமா சொல்லாமல் விட்ட பலகையின் கதை முழுவதும் என் வாயால் வந்தது. அம்மாவின் கை வயிற்றுக்குப் போனது. "டேய், மண் ஓட்டுக்குள்ள கிடக்கிறது, கக்கும். ஈயம் தசையில ஊறினதடா. அவிச்சாலும் போகாது. என்ர பிள்ளைக்கெல்லோ போகும்!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினாள். ஒரு மட்டி மிச்சமில்லாமல் குப்பையில் கொட்டினாள். அன்று அவள் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை.

டேனிஷில் போன் பேச வேண்டுமென்றால் மாமா போனை என் கையில்தான் தருவார். அந்தக் கிழமை ஒரு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தானே பேசினார். வெளியே நின்று கேட்டேன். அக்கா, வயிற்றில் பிள்ளை, மட்டி, எந்த இடம் நல்லது என்று, இலக்கணம் பக்கத்திலும் வராத டேனிஷில் யாரோ ஒரு அதிகாரியிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை தனியாக வெகுதூரம் போய், அதிகாரி சொன்ன இடத்தில் இடுப்பளவு குளிர்த் தண்ணீரில் இறங்கி மட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

தம்பி சுகமாகப் பிறந்தான். அந்தத் துறைமுகத்துச் சேற்றையும் பிறகு அள்ளினார்கள். ஆனால் என் நினைவில் நிற்பது அந்தச் சனிக்கிழமைதான். அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். முதல் வாய் வைத்ததும் அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவும் அதை வாங்கிக் குடித்தாள்.