சித்தி கேட்ட கெளுத்தி

"…அதுக்குன்னு, பெத்த புள்ளைங்களையே துன்னுட்டு வந்த மீனையா எனக்குக் கொழம்பு வச்சித் தரப்போற?"

சித்தப்பா கொண்டுவந்த பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சித்தி போட்ட சத்தம் அது. மூன்று நாளாகக் கெளுத்திக் குழம்பு வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். அவளுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கவில்லை. அதனால் அவள் வாய்திறந்து கேட்டது எதுவானாலும் எங்கள் வீட்டில் நடந்துவிடும். காரணம் தெரியாத எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மனைவி முழுகாமல் இருக்கும்போது கணவன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது, சவரமும் செய்துகொள்ளக்கூடாது என்பது எங்கள் மரக்காணத்து வீட்டு வழக்கம். சித்தப்பா தாடியோடு திரிந்தார். மீன் பிடிக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. உப்பளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் காலையிலேயே வலை போட்டு, முழங்கை நீளக் கெளுத்தியை உயிரோடு கொண்டுவந்துவிட்டார். அறுக்கிற பாவம் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்காரம்மா தலையில் விடியட்டும் என்பது அவர் கணக்கு.

அந்த அம்மா வருவதற்குள் கெளுத்தி வாயைத் திறந்து துப்பிவிட்டது. கொண்டைக்கடலை அளவு மஞ்சள் வயிறு, அதில் ஒட்டவைத்தது போல ஒரு வால். இப்படி ஒரு கை நிறையக் குஞ்சுகள். சித்தப்பா செல்போனில் படம் பிடித்தார்.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அடி போடி! துன்னல, காபந்து பண்ணுது. அதுவும் அம்மாக்காரி இல்ல, அப்பங்காரன். முட்டையா இருக்கறப்பவே வாயில வாங்கிக்குவான். குஞ்சு தானா நீந்துற வரைக்கும் ஒரு வாய் இரை எடுக்கமாட்டான்."

சித்தி சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்டுக்கய்யா. நீ தாடி ஒண்ண வளத்துட்டு என்னா அலட்டு அலட்டுற!"

"அப்ப கொழம்பு?" என்றார் சித்தப்பா பாவமாக.

"தூக்கு பக்கெட்ட."

கால்வாயில் கவிழ்த்ததும் அப்பன் மீன் வாயிலிருந்த மிச்சக் குஞ்சுகளோடு சேற்றைக் கலக்கிக்கொண்டு மறைந்தது. துப்பிய குஞ்சுகள் மட்டும் வயிற்றுப் பாரம் இழுக்க, கரையோரத்தில் தத்தளித்தன. உப்புக் குவியல்களுக்கு அந்தப் பக்கமிருந்து நாலு கொக்குகள் காலை எண்ணி எண்ணி வைத்து வந்தன.

"வெயில் ஏறுது, வா போலாம். கொக்குக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றார் சித்தப்பா.

சித்தி நகரவில்லை. அவ்வளவு பெரிய வயிற்றோடு குனிந்து, மண்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தாள். கொக்குகள் எழும்பி, இரண்டடி தள்ளி இறங்கின. மறுபடி எறிந்தாள். நல்ல விளையாட்டு என்று நானும் பாவாடை நிறைய மண்கட்டி பொறுக்கிக்கொண்டு எறிந்தேன். ஒன்று குறி தப்பிச் சித்தப்பா முதுகில் விழ, நானும் அவரும் சிரித்தோம். சித்தி மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு குழம்பையும் விட்டுக்கொடுத்து, இத்தனூண்டு குஞ்சுகளுக்காக இவ்வளவு கோபமா என்றிருந்தது.

கொக்குகள் விடுவதாக இல்லை. சித்தி புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். தண்ணீருக்குள் இறங்கி, கொக்குகளுக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.