பன்னிரண்டு பேருக்கான கஷாயம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர் வெள்ளியங்கிரி. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரியோடு சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று கிளம்பினால் திரும்பி வர எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். முட்டி தேய்ந்துபோக, போன ஆடியில்தான் ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தார்.

மார்கழி பிறந்ததும் அவர் மனைவி சௌந்திரத்துக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்து, தொண்டை கட்டி, இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தவள், அப்போதும் அடுப்படிக்கு எழுந்து போகப் பார்த்தாள்.

"நீ படு புள்ள. நான் சுக்குத்தண்ணி வெச்சுத் தாரேன்."

"நீங்களா? உங்க லாரிக் கஷாயமெல்லாம் எனக்கு ஆகாதுங்க. கொஞ்ச நேரங் கழிச்சு நானே வெச்சுக்கறேன்."

அந்தப் பேச்சு அவரைத் தைத்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவளுடைய ஒரு காய்ச்சலுக்குக்கூட அவர் பக்கத்தில் இருந்ததில்லை. இந்த ஒரு டம்ளரையாவது தன் கையால் போட்டுக் குடிக்க வைத்துவிட வேண்டும்.

சுக்கைத் தட்டினார். கொல்லிமலை மிளகு ஒரு பிடி, கொத்தமல்லி ஒரு பிடி. கை பழகிய அளவுக்கு அள்ளிவிட்டது. அடுப்பில் கொதித்ததோ ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்.

ஒரு வாய் குடித்தவள் குலுங்கிக் குலுங்கி இருமினாள். கண்ணில் நீர் கொட்டியது.

"ஏனுங்க, என்னையக் கொல்லப் பாக்கறீங்களா? இதக் கொண்டுபோயி எஞ்சின்ல ஊத்துங்க, நல்லா ஓடும்!"

டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். ராய்ப்பூர்ப் பக்கத்துப் பனிக்காலம் நினைவுக்கு வந்தது. பாறையைத் துளைக்கும்போது மாவு போல வெள்ளைத் தூசி கிளம்பும். ரிக்கில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரும் இருமுவார்கள். கம்ப்ரசர் லாரியின் சூட்டில் கஷாயப் போசியை வைத்துவிட்டால் வெகுநேரம் ஆறாது. "சமையலண்ணா, இன்னுங் கொஞ்சம்" என்று இமையெல்லாம் வெளுத்துப்போய் வந்து நிற்பார்கள். இப்போது நினைக்க அந்தக் காலைகள் இனித்தன. அங்கே இருந்தவரை வீட்டு நினைப்புதான் இனித்தது.

ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. பரணிலிருந்து பெரிய போசியையே இறக்கிப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். அதே ஒரு பிடி மிளகு, அதே ஒரு பிடி கொத்தமல்லி, முழுசாக இரண்டு கருப்பட்டி.

வாசனைக்கு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் சௌந்திரம்.

"ஊருக்கே காய்ச்சலுங்களா? இத்தனையும் ஆரு குடிக்கறது?"

"லாரில பன்னெண்டு பேருக்கு வெச்சுப் பழகுன கை. எனக்கு இப்பிடித்தான் வெக்கத் தெரியும் புள்ள."

அவர் நீட்டியதை வாங்கிக் கீழே உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சினாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். இன்னொரு வாய் குடித்தாள்.

"நம்ம பொண்ணு தமிழினி கைக்கொழந்தையா இருந்தப்ப எனக்கு ஒம்பது நாளு காச்சல்" என்றாள்.

"நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னா பறந்து வந்திருப்பீங்களாக்கும்!"

அந்த ஒன்பது நாளும் யார் யாருக்கோ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் காலி டம்ளரை நீட்டினாள்.

"ஊத்துங்க. அந்தப் பன்னெண்டு பேருக்கு முந்தி நான் குடிச்சுக்கறேன்."