செசிலி பார்த்து எடுத்த சைக்கிள்

படக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி வாயெல்லாம் செம்மண்... இன்றைக்கும் நினைத்தால் நாக்கில் அந்தக் கரகரப்பு வருகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். செஞ்சி சர்ச்சில் பூசை முடிந்ததும் மனைவி செசிலியைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, தொண்டூர்ப் பக்கம் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தார் ரோட்டை விட்டு இறங்கினால் வண்டிப்பாதை. பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்... பாறையும் சரளையுமாகக் கிடக்கும்.

நைனா ஓட்டித் தேய்த்து, பிறகு எனக்கு வந்த சைக்கிள் அது. ஒரு பாறைமேல் ஏறி இறங்கியதும் முன்பக்க ஃபோர்க் முறிந்துவிட்டது.

எனக்கு முட்டியில் சிராய்ப்பு. செசிலிக்குத் தாடையில் தையல்.

வீட்டில் அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். "இனிமே அவ பஸ்ல போவட்டும். சைக்கிள்ல குந்த வெச்சிக்கினு போனதெல்லாம் போதும்."

நைனா தலையாட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் சைக்கிள் இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. மாட்டாஸ்பத்திரியில் வேலை. ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் மருந்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோழிகளுக்கு ஊசி போட வேண்டும். சிங்கவரத்து வரப்பிலும் ஓட்டணும், மலையடிக் கல்லிலும் ஓட்டணும்.

பஜாரில் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு பச்சை நிறச் சைக்கிள்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கண். ஒல்லியான உடம்பு, டைனமோ, கண்ணாடி மாதிரி மின்னும் ரிம்... பின்னால் கேரியர் என்று பெயருக்கு ஒரு கம்பி, டிபன் பாக்ஸ் வைக்கிற அளவுக்கு.

செசிலிக்குத் தையல் பிரித்த அன்று, திரும்பும் வழியில் அவளையும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். பச்சையைக் காட்டி, "எப்படி இருக்குது?" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு நேராகக் கடை மூலைக்குப் போனாள். அங்கே ஒரு கறுப்புச் சைக்கிள் பழுப்புக் காகிதம்கூடப் பிரிக்காமல் நின்றது. டபுள் பார், தடித்த ஃபோர்க், பால் கேன் இரண்டு கட்டினாலும் அசையாத கேரியர். ஸ்டாண்டு போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, கடைக்குள்ளேயே அந்தக் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவை எழும்பி எழும்பி உட்கார்ந்தும் பார்த்தாள்.

"இத எடுங்க."

பாய் சிரித்தார். "அது பால்காரங்க வண்டிம்மா..."

"இருக்கட்டும் பாய்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே கூட்டிவந்து, "நீதான் இனிமே பஸ்ல போவப்போறியே. பச்சைக்கு இன்னா கொறச்சல்?" என்றேன்.

"அதுல நீங்க மட்டும்தாங்க போவ முடியும்."

"சரி. அதுக்கு இன்னா?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊட்ல நாம எப்பங்க பேசிக்கிறோம்? அத்தை, மாமா, தம்பிங்க... எல்லாரும் ஒரே கூடத்துலதான் படுக்கிறோம். அந்த ஞாயித்துக்கெழம ரோடு ஒன்னுதான் எனக்குக் கெடச்சுது. அதையும் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டீங்கன்னா..."



அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். இடிச் சத்தத்துக்கு அவள் பயப்படுவது, டைப்ரைட்டிங் படிக்க ஆசைப்பட்டது, சின்ன வயசில் செத்துப்போன அண்ணன்... அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிளில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததுதான். நான் அதை வழிப்பேச்சு என்று நினைத்திருந்தேன்.

கறுப்பையே எடுத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அம்மா வாசலை மறித்து நின்றார். "சொன்னா கேக்க மாட்டியா நீ?"

"வண்டி ஸ்ட்ராங்கா இருக்குதும்மா. ஒன்னும் ஆவாது."

செசிலி தலைகுனிந்து நின்றாள். அம்மா அவள் தாடைத் தழும்பைப் பார்த்தார்... உள்ளே போனார். ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து நாலாக மடித்துக் கேரியரில் போட்டார்.

"கல்லு வந்தா மெதுவா போ," என்று மட்டும் சொன்னார்.

விழுந்த இடம் வந்ததும் செசிலி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி பாறைமேல் ஏறி, பொத்தென்று இறங்கி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"ஒன்னும் ஆவலீங்க!" என்று சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

எத்தனையோ வருஷம் அந்த வண்டி உழைத்தது. முன் பாரில் மகன், பின்னால் அவள், ஹேண்டிலில் பை... பிறகு ஸ்கூட்டர் வந்தது.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று ரூம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்... டிவிதான் பேசுகிறது.

போன மாதம் மகன் சென்னையிலிருந்து வந்து, எங்களைச் செசிலி ஊருக்குக் காரில் கூட்டிப்போனான். வண்டிப்பாதை முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். குலுங்கவே இல்லை. நான் முன்சீட்டில், அவள் பின்சீட்டில். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் எல்லையில் செசிலி திடீரென்று, "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. நாங்க நடந்து வர்றோம்" என்றாள்.

இறங்கினோம். கார் முன்னால் போயிற்று. வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக மெதுவாக நடந்தோம். முதலில் முட்டிவலியைப் பற்றிச் சொன்னாள். பிறகு மருமகளைப் பற்றி. பிறகு, ராத்திரியில் தூக்கம் வராமல் அவள் என்னென்ன நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தாள்...

அதற்குள் ஊர் வந்துவிட்டது.